குடல் அழற்சி நோயும் கொரோனாவும்: மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு நான் அக்கா, மீதிப் பேருக்குச் சேச்சி. என் தம்பிக்கு 2013 முதல் பெருங்குடல் அழற்சி இருக்கிறது. 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி பக்கத்து மாவட்டமான திருச்சூரில் கண்டறியப்பட்டார். அன்று முதல் குடல் நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசர நிலையை முடித்துவைத்தது. ஆனால் கிருமி போய்விடவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் பரவும்போதெல்லாம் அதே கேள்விகள் திரும்ப வருகின்றன.

மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் குடல்நோய் மருத்துவரின் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக இதை எழுதுகிறேன்.

குடல் அழற்சி நோய் என்று எதைச் சொல்கிறீர்கள்? எனக்கும் அடிக்கடி வயிறு சரியில்லாமல் போகிறது.

இரண்டு நோய்களைச் சேர்த்து அப்படிச் சொல்கிறோம். ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் மட்டும் புண்ணாகும். மற்றொன்று குரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கலாம். இரண்டிலும் நம் உடலின் காவல் படையே நம் குடலைத் தாக்குகிறது. அதனால்தான் அந்தப் படையை அடக்கும் மருந்துகளைக் கொடுக்கிறார்கள். பதற்றம் வந்தால் வயிறு கலக்குவது, காலையில் மூன்று முறை போவது, ஆனால் இரத்தமோ எடை இழப்போ இல்லாமல் இருப்பது போன்றவை பெரும்பாலும் எரிச்சல் குடல் நோய் என்னும் வேறு வகை. அதற்கு இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் கவலைகள் பொருந்தா.

இந்த நோய் இருப்பவருக்குக் கொரோனா எளிதில் தொற்றுமா?

மற்றவர்களைவிட எளிதில் தொற்றாது. அவர்களுக்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவுதான். முதலில் மருத்துவர்களே பயந்தார்கள். கிருமி உடலுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் நுரையீரலில் மட்டுமல்ல, குடலிலும் நிறைய இருக்கிறது. புண்ணான குடல் கிருமிக்குத் திறந்த கதவாகிவிடுமோ என்று நினைத்தார்கள். பல நாடுகளிலிருந்து கணக்குகள் வந்தபோது அந்தப் பயம் மெய்ப்படவில்லை.

தொற்றிவிட்டால் உயிருக்கு ஆபத்தா?

நோயின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வயது என்ன, சர்க்கரையோ இதய நோயோ உண்டா, குடல் இப்போது அமைதியாக இருக்கிறதா, என்ன மருந்து உள்ளே போகிறது என்ற நான்கையும் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் செக்யூர் ஐபிடி என்ற பன்னாட்டுப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். தங்கள் குடல் அழற்சி நோயாளிக்குக் கொரோனா வந்தால் அந்த விவரத்தை உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் அதில் பதிந்தார்கள். முதலில் வெளிவந்த கணக்கில் 33 நாடுகளைச் சேர்ந்த 525 பேர் இருந்தார்கள். அவர்களில் 16 பேர் இறந்திருந்தார்கள். தாமாக முன்வந்து பதியும் ஏட்டில் கடுமையாக நோயுற்றவர்களே அதிகம் இடம்பெறுவார்கள். வீட்டிலேயே நான்கு நாள் படுத்து எழுந்தவரை யார் பதியப் போகிறார்கள்? ஆகவே உண்மை நிலவரம் இதைவிட நல்லதாகவே இருந்திருக்கும். அந்தக் கணக்கில் கடுமையான நோயோடு சேர்ந்து நின்றவை மூப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட பிற நோய்கள், ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை. எதிர்ப்பாற்றலை அடக்குபவை என்று எல்லோரும் அஞ்சிய இன்ஃபிலிக்சிமாப், அடலிமுமாப் வகை ஊசிகள் ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டு எடுத்தவர்களிடமோ கடுமையான நோயின் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்காக இருந்தது.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைதானே? கொரோனா அடங்கும்வரை நிறுத்திவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

2020 ஏப்ரலில் என் தம்பியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களைக் கொரோனா முதலில் கொண்டுபோகும் என்று அதில் எழுதியிருந்தது. அவன் அப்போது மெசலமைனும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரினும் எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று ஆண்டுகளாகக் குடல் அமைதியாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அசாதயோபிரினை நிறுத்திவிட்டான். மருந்துக் கடையில் வேலை செய்யும் அக்காவிடமும் சொல்லவில்லை. அந்த மருந்தின் பிடி மெல்ல மெல்லத்தான் விலகும். அதனால் மே மாதம் முழுவதும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, தான் செய்தது சரி என்றே நம்பினான். ஜூன் கடைசியில் இரத்தம் போகத் தொடங்கியது. ஜூலையில் ஒரு நாளைக்குப் பதினான்கு முறை. ஆறு கிலோ குறைந்தான். அம்மா இரவெல்லாம் கழிப்பறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மருத்துவமனையில் சேர்த்தோம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் கொடுத்தார்கள். அது இல்லாமல் வழியில்லை.

கணக்கைப் பாருங்கள். கொரோனாவில் ஸ்டீராய்டு அளவுக்குத் தீங்கு செய்யாத மருந்தோடு இருந்தவன், அதற்கு அஞ்சி மருந்தை விட்டதால், மிக அதிகமாகத் தீங்கு செய்யும் மருந்துக்கே போய்ச் சேர்ந்தான். கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் பதினொரு நாள் கிடக்கவும் வேண்டியிருந்தது. குடல் நோயாளிக்குக் கொரோனாக் காலத்தில் மிக நல்ல பாதுகாப்பு, அமைதியாக இருக்கும் குடல். அதை அமைதியாக வைத்திருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஸ்டீராய்டுதான் கொரோனாவுக்கு மருந்து என்றார்கள். நீங்கள் ஸ்டீராய்டு ஆபத்து என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரிதான். எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

கொரோனாவின் முதல் வாரத்தில் கிருமி பெருகுகிறது. அப்போது உடலின் படை முழு வலுவோடு போரிட வேண்டும். சிலருக்கு இரண்டாவது வாரத்தில் கிருமி குறைந்த பிறகும் படை அடங்காமல் நுரையீரலையே சிதைக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் ஸ்டீராய்டு உயிர் காக்கிறது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் இதைக் காட்டியது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை.

குடல் நோய்க்காக ஏற்கெனவே பிரெட்னிசோலோன் எடுத்துக்கொண்டிருப்பவரின் நிலை வேறு. கிருமி வாசலில் காலெடுத்து வைக்கும்போதே காவலாளியின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகும்போது கவலை கூடுகிறது.

2021இன் இரண்டாம் அலையில், காய்ச்சல் கண்ட முதல் நாளே ஸ்டீராய்டு வாங்கப் பலர் கடைக்கு ஓடி வந்தார்கள். சீட்டு இல்லாமல் தர மறுத்ததற்காகச் சொந்தக்காரர்களே என்னிடம் பேசாமல் இருந்தார்கள். அதே மாதங்களில் கருப்புப் பூஞ்சை நோய் நாடெங்கும் பரவியது. கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது பெரும்பாலும் வந்தது. மறுத்ததற்காக இன்றும் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மாத்திரையை ஒரே நாளில் விட்டால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரும். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

என் சீட்டில் வேறு பெயர்கள் இருக்கின்றன. அவை எப்படி?

மெசலமைன், சல்ஃபசலசின்: தொடரலாம். முதல் பதிவேட்டுக் கணக்கில் இவையும் கடுமையான நோயோடு சேர்ந்து தென்பட்டதால் சிலர் பயந்தார்கள். இவை உடலின் எதிர்ப்பாற்றலை அடக்குபவை அல்ல. அதைக் காரணமாக வைத்து இவற்றை நிறுத்தச் சொல்லும் வழிகாட்டுதல் எதுவும் வரவில்லை.

பியூடசோனைடு குடல் மாத்திரை: ஸ்டீராய்டுதான், ஆனால் பெரும்பகுதி குடலிலேயே வேலை செய்து கல்லீரலில் அழிந்துவிடும். பிரெட்னிசோலோன் அளவுக்குக் கவலை இல்லை.

அசாதயோபிரின்: தனியாகவோ இன்ஃபிலிக்சிமாப் வகை ஊசியோடு சேர்த்தோ எடுப்பவர்களிடம், ஊசி மட்டும் போடுபவர்களைவிடக் கூடுதல் ஆபத்து தென்பட்டது. இரண்டும் எடுப்பவராக இருந்து, வயதும் அறுபதைத் தாண்டியிருந்தால், அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையும் அவர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள்.

வெடோலிசுமாப்: பெரும்பாலும் குடலில் மட்டுமே வேலை செய்யும். அஞ்ச வேண்டாம்.

எனக்குக் கொரோனா உறுதியாகிவிட்டது. இப்போதுமா மருந்தைத் தொடர வேண்டும்?

இங்கேதான் பதில் மாறுகிறது. தொற்று இல்லாதபோது நிறுத்தக் கூடாது. தொற்று வந்து அறிகுறிகளும் இருந்தால் சில மருந்துகளைச் சில நாள் தள்ளிவைக்க மருத்துவரே சொல்வார். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான அசாதயோபிரின், மெத்தோட்ரெக்சேட், டோஃபாசிட்டினிப் ஆகியவை இந்த வகை. அந்த வாரத்தில் போட வேண்டிய ஊசியையும் குணமாகும்வரை ஒத்திவைப்பார்கள். மெசலமைன் தொடரும். தம்பிக்கு 2021 மே மாதம் கொரோனா வந்தபோது, மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு அசாதயோபிரினை இரண்டு வாரம் தள்ளிவைத்தோம். அப்போது அவன் ஸ்டீராய்டிலிருந்து முழுவதும் இறங்கியிருந்தான். ஐந்து நாள் காய்ச்சல், ஆக்சிஜன் அளவு 96க்குக் கீழே போகவில்லை, குடல் நோயும் மறுபடி கிளம்பவில்லை.

கொரோனாவுக்காக நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரையை எழுதினால், நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். ரிட்டோனாவிர் கல்லீரலில் மற்ற மருந்துகள் அழிவதைத் தடுக்கும். டோஃபாசிட்டினிப், டாக்ரோலிமஸ், பியூடசோனைடு ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.

வயிற்றுப்போக்கு தொடங்கியிருக்கிறது. பழைய நோயா, கொரோனாவா?

கொரோனாவிலும் வயிற்றுப்போக்கு வரும். சிலருக்கு இருமலுக்கு முன்பே வந்துவிடும். பொதுவாகச் சில நாளில் அடங்கும், தண்ணீராகப் போகும், இரத்தம் இருக்காது. இரத்தமும் சளியும் கலந்து போவது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிப் போகச் செய்வது, போன பிறகும் இன்னும் இருக்கிறது என்ற முக்கல் ஆகியவை குடல் நோய் கிளம்பியதன் அடையாளங்கள். மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தைச் சோதித்துப் பார்த்தால் அழற்சியின் அளவு தெரியும். ஆனால் தொற்றுப் பேதியிலும் அது ஏறும் என்பதால், அந்த ஒன்றை வைத்து ஸ்டீராய்டு தொடங்கிவிடக் கூடாது.

இதற்கு நடுவில் மூன்றாவது ஒன்றும் வருகிறது. கொரோனா என்றதும் அசித்ரோமைசினையும் வேறு ஆன்டிபயாடிக்குகளையும் அள்ளி விழுங்கியவர்களுக்கு, குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி தலையெடுக்கும். குடல் அழற்சி நோயாளிகளை இது எளிதில் பிடிக்கும். பார்ப்பதற்கு நோய் கிளம்பியது போலவே இருக்கும், சிகிச்சையோ முற்றிலும் வேறு. ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு பேதி என்றால் அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

எது காரணமாக இருந்தாலும் நீர்ச்சத்து குறையக் கூடாது. ஓஆர்எஸ் பொட்டலத்தை உறையில் எழுதியுள்ள அளவு நீரில் கரையுங்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லது. இந்தப் பக்கத்தில் கஞ்சிவெள்ளம் இல்லாத வீடே கிடையாது.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் எதைப் போடலாம்?

பாரசிட்டமால். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் குடல் நோயைக் கிளப்பிவிடலாம். பெட்டிக் கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் இவை கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள்.

தடுப்பூசி போட்டால் குடல் நோய் கிளம்புமா? போட்டாலும் பலன் உண்டா?

கோவிஷீல்டும் கோவாக்சினும் நோயை உண்டாக்கும் உயிருள்ள கொரோனாக் கிருமியைக் கொண்டவை அல்ல. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் போடலாம். போட்ட மறுநாள் காய்ச்சல், கைவலி வரும். குடல் கிளம்புவது அரிது.

பலனைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 7000 பேருக்குச் சற்றே குறைவான குடல் நோயாளிகளைத் தொடர்ந்த கிளாரிட்டி ஆய்வு 2021இல் ஒன்றைக் காட்டியது. இன்ஃபிலிக்சிமாப் எடுப்பவர்களுக்கு, வெடோலிசுமாப் எடுப்பவர்களைவிட, கிருமியை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருள் குறைவாகவே உருவாகிறது. முதல் ஊசிக்குப் பிறகு இது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அளவு நன்றாக உயர்ந்தது. ஆகவே உங்களுக்குத் தவணைகள் விட்டுப்போகக் கூடாது. மேற்கொண்டு ஊசி வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஃபிலிக்சிமாப் ஏற்றும் நாளுக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கபசுரக் குடிநீர் குடிக்கலாமா? கஷாயம்?

எல்லையின் அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர், இந்தப் பக்கம் கேரளத்தில் ஆயுர்வேதக் கஷாயம். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே அடுப்பில் கொதித்தன. அன்போடு கொடுப்பதை மறுப்பது கடினம் என்று எனக்குத் தெரியும், என் மாமியாரும் கொடுத்தார். ஆனால் சுக்கும் திப்பிலியும் புண்ணான குடலில் எரிச்சலைத் தரும், கடுக்காய் பேதியாக்கும். அதில் சேரும் சீந்தில் கொடி, படையைத் தூண்டிவிடும் என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. நமக்கோ அந்தப் படைதான் பகை. சீந்தில் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அசாதயோபிரின், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவரின் கல்லீரல் ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கிறது. அவருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. மலத்தின் வழியாகப் பரவுமா?

மலத்தில் கிருமியின் மரபுப் பொருள் கண்டறியப்பட்டிருக்கிறது, தொண்டையில் மறைந்த பிறகும் சில நாள் இருக்கிறது. பரவுவது பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியாகத்தான். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும்.

மறுபடி எல்லையை மூடினால் மருந்துக்கு என்ன செய்வது?

2020 மே மாதம் கேரள-தமிழ்நாடு எல்லையான வாளையாற்றில் பாஸ் இல்லாமல் வெயிலில் நின்றவர்களை மறக்க முடியாது. எங்களில் பலருக்கு வீடு கேரளத்தில், மருத்துவர் கோயம்புத்தூரில். ஒரு மாத மருந்து எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். சீட்டில் நிறுவனப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கே கிடைக்கும் நிறுவனத்தின் மாத்திரை இங்கே இருக்காது, மூலப்பெயர் இருந்தால் எந்தக் கடையிலும் எடுத்துத் தரலாம். அடலிமுமாப் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. பஸ்ஸில் கொண்டு வரும்போது ஐஸ் கட்டியின் மேல் நேராக வைக்காமல் நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள். சுகாதார உதவி எண்: கேரளத்தில் திசா 1056, தமிழ்நாட்டில் 104.

இங்கே கேரள மருத்துவமனையில் சேர்த்தால் என்ன சொல்ல வேண்டும்?

கொரோனாவுக்குப் பார்க்கும் மருத்துவருக்கு உங்கள் குடல் கதை தெரியாது. ஒரு தாளில் நோயின் பெயர், மருந்துகளும் அளவும், கடைசி ஊசி போட்ட தேதி, கடந்த ஆண்டில் ஸ்டீராய்டு எடுத்தீர்களா, எப்போது நிறுத்தினீர்கள் என்று எழுதி ஆதார் அட்டையோடு வைத்திருங்கள். குடல் கிளம்பியிருந்தால் இரத்தக் கட்டி உருவாகும் வாய்ப்பு கூடும், கொரோனாவும் அதையே செய்யும். இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் தேவையா என்று சேர்த்த நாளிலேயே கேளுங்கள். இன்ஃபிலிக்சிமாப் வகை ஊசி எடுப்பவருக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால் காசநோய்க்கும் சோதிக்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு சொல். இங்கே "பனி உண்டோ?" என்று கேட்டால் காய்ச்சல் இருக்கிறதா என்று பொருள். வயறிளக்கம் என்றால் பேதி, சோர என்றால் இரத்தம். ஒரு பெரியவர் பனியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து இல்லை என்று தலையாட்டியதை நானே பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தினேன். அவருக்கு அப்போது 102 டிகிரி காய்ச்சல்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனால். மூச்சு வாங்கினால். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால். இரத்தத்தோடு ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் போனால். வயிறு உப்பி, தொட முடியாதபடி வலித்தால். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வாந்தி நிற்காமல் மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால்.

உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

கடைக்கு வருபவர்கள் கடைசியில் இதைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இப்போது இன்ஃபிலிக்சிமாப் எடுக்கிறான். எட்டு வாரத்துக்கு ஒரு முறை வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறான். பஸ்ஸிலும் மருத்துவமனையிலும் முகக்கவசம் போட்டுக்கொள்கிறான். தேதியை அம்மா நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்கிறார். போன ஆறு கிலோவும் திரும்பிவிட்டது.